நீ எழுதிக்கொடுத்த மேட்டுக்காணி

அன்பு மகள் நப்லாவுக்கு,

யானை போகிற வழியை அடைக்கக் கையெழுத்து வைத்தது நீதான். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் ஸலாம் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றுவைஸும் அந்த டோஹா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன், இங்கே வாப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. போனில் நான் பேசி அனுப்பியதையெல்லாம் நீ கேட்டுவிட்டாய் என்று நீலக் குறி காட்டுகிறது, பதில் மட்டும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சுஹைராவின் மகன் நிப்றாஸ் லீவு முடிந்து இன்று பின்னேரம் டோஹாவுக்கு வெளிக்கிடுகிறான், அவனிடம் கொடுத்தால் உன் கையில் வைக்காமல் விடமாட்டான்.

முந்தாநாள் சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா வயலுக்குத் தண்ணீர் விட வரப்பில் வக்கடை திறக்கப் போனார். வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் உள்ளே திரள்கிற நேரம், இப்போது தண்ணீர் இல்லாமல் ஏலாது. நம் மேட்டில் சூரிய மின்சாரக் கம்பெனிக்காரன் போட்ட மின்சார வேலி ஒரு பக்கம், வாய்க்கால் மறு பக்கம், நடுவில் ஒரு வண்டில் போகிற அளவுக்குத்தான் இடம், அதற்குள் யானை நின்றிருக்கிறது. குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வழக்கமாகக் காட்டுக்குத் திரும்புகிற மேட்டைத் தேடிப் போய் வேலியில் அடிபட்டுத் திரும்பி வந்த யானை. அதற்கும் போக இடமில்லை, இவருக்கும் இல்லை. வாப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் படுத்து மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அது மண்வெட்டியைத் தூக்கிப் பிடியை முறித்து எறிந்துவிட்டு வயலை மிதித்துக்கொண்டு போயிருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது சாரமெல்லாம் சேறு, பல்லோடு பல் அடிக்கிறது, அந்த நிலையிலும் பகிடி, "நான் அதுக்கு ஸலாம் சொன்னன் ஜெஸீமா, பதில் சொல்லல்ல, உன்ட மகள் மாதிரி" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் போய் அடுப்புத் திண்ணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மேட்டில் ஒன்றும் விளையாது என்று நீ நினைத்தாய். உளுந்து போட்டால் உளுந்து வரும் மகள். நாங்கள்தான் போடுவதில்லை. காட்டிலிருந்து குளத்துக்கு யானை அந்த மேட்டால்தான் போய் வரும், அதனால் நாங்களும் பக்கத்துக் காணிக் கதிரவேல் அண்ணனும் அங்கே வேலி போடுவதில்லை, பயிர் வைப்பதில்லை, யானையும் பள்ளத்து வயலுக்குள் இறங்குவது குறைவு. எல்லாருக்கும் தெரிந்ததை எவரும் எந்த வரைபடத்திலும் போட்டு வைக்கவில்லை. உன் நிக்காஹ்வுக்குக் காணியைச் சீதனமாக எழுதியபோதும் இதே கதைதான், பெயர் உன்னுடையது, உழுவது நாங்கள், இங்கே பெண்பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் அப்படித்தான், தாய் தகப்பன் மௌத்தாகும் வரைக்கும் மகளைச் சொந்தக்காரி என்று ஒருவரும் நினைப்பதில்லை. சட்டம் நினைக்கிறது. காணி யாருடையது என்று கம்பெனிக்காரன் வந்து கேட்டபோது வாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது எங்கட மகள்ட சீதனம், அவ டோஹாவுல பெரிய இடத்துல வேலை செய்றா" என்று சொல்லி உன் நம்பரையும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ தூதரகத்துக்குப் போய், உனக்குப் பதிலாக இங்கே கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பிவிட்டாய், அதை வைத்து இருபது வருடக் குத்தகை.

"உம்மா, புகையில்லாத கரண்ட், வெயிலுக்கு வாடகை வருது, இதுல என்ன பிழை" என்று அன்றைக்குக் கேட்டாய். வெயிலில் நான் பிழை சொல்லவில்லை. மூதூர்ப் பக்கம் நிலக்கரி மின் ஆலை வரப்போகிறது என்றபோது வேண்டாம் என்று றோட்டில் நின்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி, உன்னையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் கூட்டிக்கொண்டு போனேன். பாதி நாள் கரண்ட் இல்லாமல் வேர்த்துக் கிடந்த வருடத்தையும் மறக்கவில்லை. சூரிய மின்சாரம் வரத்தான் வேண்டும். கொழும்பில் மாடிக்கு மாடி ஏசி ஓடுவதற்கு யானை எங்கள் வளவுக்குள் வரவேண்டுமா என்றுதான் கேட்கிறேன். அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனேன், அங்கே இருந்த தம்பி உட்காரக் கதிரையைக்கூடக் காட்டாமல், "இது சின்னத் திட்டம் அம்மா, சூழல் அறிக்கை தேவையில்ல" என்றார். பக்கத்துப் பக்கமாக மூன்று சின்னத் திட்டம், மூன்றுக்கும் ஒரே வேலி, ஒரே வாசல், அப்படியென்றால் அது பெரியதில்லையா என்று கேட்டேன். அது வேறு வேறு கம்பெனியாம். மூன்று கம்பெனிக்கும் வந்து போகிற ஜீப் ஒன்று. யானைக்குப் பொறுப்பான கந்தோரில் கேட்டால், "தனியார் காணி, சொந்தக்காரி சம்மதிச்சிருக்கா, நாங்க என்ன செய்ய" என்கிறார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் உன் பெயரைச் சொல்லித்தான் மூடுகிறார்கள்.

ஊர் வாயைப் பற்றியும் எழுத வேண்டும். மீன் வாங்க நின்ற இடத்தில் சுஹைரா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "உன்ட மகள் டோஹாவுல ஏசிக்குள்ள, எங்கட புள்ளையள் யானைக் காலுக்குள்ள" என்றாள். பிறகு அவளேதான் நிப்றாஸ் போகிறான், கொடுக்க என்னவும் இருந்தால் கொடு என்றும் சொன்னாள், அவளுடைய குணம் உனக்குத் தெரியும். எனக்கு அவளிடம் பயமில்லை. கதிரவேல் அண்ணனிடம்தான் பயம். போன கிழமை அவருடைய குசினிச் சுவரை யானை இடித்து நெல் மூட்டையை இழுத்தது, மனுசியும் பிள்ளைகளும் பின்பக்கத்தால் ஓடித் தப்பினார்கள். மறுநாள் வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றார். "தங்கச்சி, உங்களில எனக்குக் கோவமில்லை. ஆனா இனி வந்தா நாங்கள் வெடி கொளுத்தி உங்கட வளவுப் பக்கம்தான் கலைப்பம். மற்றப் பக்கம் ஏலாது, வேலி நிக்குது" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார். சண்டைக் காலத்தில்கூட அந்த மனிசன் எங்கள் வாசலில் நின்று இப்படிக் கதைத்ததில்லை. அன்றிலிருந்து இரவில் மாட்டின் கழுத்துக் கட்டை அசைந்தாலும் எழும்பி ஓடுகிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மேட்டின் தெற்குப் பக்கம் இன்னும் கம்பி இழுக்கவில்லை, தூண் மட்டும்தான் நிற்கிறது, அந்த இடைவெளியால் யானை ஒன்றிரண்டு தரம் போய் வந்த அடி கிடக்கிறது. இந்தக் கிழமை அதையும் மூடப்போகிறார்கள். சட்டத்தரணி தனஞ்சயனிடம் கேட்டேன். குத்தகையை முறிப்பது பெரிய வேலையாம், ஆனால் வேலி எந்த வழியால் போவது என்பதற்குச் சொந்தக்காரியின் சம்மதம் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறதாம், அவள் வாயால் மறுத்தால் நிறுத்தித்தான் ஆகவேண்டும், தாய் போய்ச் சொல்லிப் பிரயோசனமில்லை என்றார். வாடகையை நீ வைத்துக்கொள். அவர்கள் வெயில் பிடிக்கிற கண்ணாடியையும் பரப்பட்டும். மேட்டின் ஓரத்தில் யானைக்கு வழி விட்டு வேலியை உள்ளே தள்ளிப் போடச் சொல், அவ்வளவுதான். றுவைஸுக்கு ஓவர்டைம் நின்றதும், உங்களுக்கு ஒரு வீடு கட்ட ஆசை என்பதும் எனக்குத் தெரியும், அதற்காக அவரோடு சண்டை பிடிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு நோவுக்கு நான் தந்துவிடுகிற எண்ணெயைப் பூசு. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், கிழவி புலம்புகிறாள் என்று இதை மடித்து வைத்துவிட உனக்கு ஏலாது.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் எந்த முஸீபத்தும் அண்டாமல் காக்கட்டும், உன் வாயால் ஒரு நல்ல சொல் வரச் செய்யட்டும்.

உன்னைப் பெற்ற உம்மா,
ஜெஸீமா ஸைனுலாப்தீன்

நிப்றாஸ் வாசலில் வந்து நிற்கிறான், கடிதத்தை ஒட்டப் போகிறேன். வாப்பா புதுப் பிடி போட்ட மண்வெட்டியோடு வயலுக்கு வெளிக்கிட்டுவிட்டார். போகவேண்டாம் என்றேன், "வெள்ளாமைய விட்டுட்டு உன்ட முகத்தப் பாத்துக்கிட்டா இரிக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடிதம் உன் கைக்கு வரும் வரைக்கும் பொறுக்க முடியாமல் இப்போதும் உனக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன், மணி போகிறது. போனை எடு மகள்.