திருப்பி வைத்த குழாய்

அத்தா,

இன்று காலை மைக்செட் குமார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒயர் சுருள், கையில் ஸ்பேனர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும் தெருக்களுக்கும் பள்ளிவாசலுக்கும் அவர்தான் ஒலிபெருக்கி கட்டுகிறவர் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கும் அவருக்கும் பேச்சு என்று ஒன்றும் கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்று சொன்னார்.

"யக்கா, மினாரா மேல இருக்கிற குழாயில ஒண்ணு உங்க தெருவப் பாத்துக்கினு இருக்குது. மார்க்கெட் பின்னாடி தெருவுக்கு சத்தம் வரலன்னு கமிட்டில திருப்பச் சொல்லிட்டாங்க. உங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு பண்லாம்னு வந்தேன்."

என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மோதினார்தான் இப்படித் திருப்பி வைக்கச் சொன்னாரு. நீங்க கல்யாணம் கட்டிக்கினு இந்தப் பக்கம் வந்தீங்களே, அந்த வருஷம். யாராண்டையும் சொல்லக் கூடாதுன்னாரு. அவரு இருந்த வரைக்கும் நான் வாயத் தொறக்கல."

ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்கு அழைத்த மோதினார், அதாவது நீங்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஒரு முஸ்லிம் வீடுகூட இல்லாத தெருவில், நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதற்காகக் குழாயைத் திருப்பியிருக்கிறீர்கள். நான் அழுவேன் என்று குமார் எதிர்பார்த்திருக்க வேண்டும். பாவம், அவர் முகமே அழுகிற மாதிரிதான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"திருப்பிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அத்தா, உங்களுக்கு வாய் இல்லையா? ஊரிலேயே பெரிய வாய் உங்களுடையது. மலைக்கோயில் பாட்டும் பஸ் ஸ்டாண்டு இரைச்சலும் சேர்ந்து வந்தாலும் அமுங்காத குரல். அந்தக் குரலால் வீட்டு வாசலில் நின்று "வாம்மா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே. அதற்கு ஒரு ஸ்பேனரும் ஒரு மைக்செட்காரரும் எதற்கு? இத்தனை நாளும் உங்களை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருந்தேன். இன்று அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

சின்ன வயதில் உங்களோடு பள்ளிவாசல் வாசல்வரை வருவேன். நீங்கள் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு மைக் முன்னால் போய் நிற்பீர்கள். இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வீர்கள். பாங்கு சொல்கிறவர் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். ஒரு ஆடிக் கிருத்திகையன்று காவடிக்கூட்டம் பம்பையடித்துக்கொண்டு போகும்போது நீங்கள் காதில் விரலோடு நின்றதைப் பார்த்து, "அரோகரா சத்தம் பாய்க்கு ஆகலபோல" என்று பூக்கடைக்காரர் கேலி செய்தார். "நான் கத்துறது எனக்கே தாங்கலபா, அதான்" என்றீர்கள். தெருவே சிரித்தது. வெளியாட்களிடம் உங்களுக்கு எத்தனை இனிமை.

தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் வரியில் முகத்தை வலப்பக்கம் திருப்புவீர்கள். வெற்றிக்கு வாருங்கள் என்னும்போது இடப்பக்கம். மைக் வந்த பிறகு இது எதற்கு, சத்தம் குறைகிறதே என்று கமிட்டியில் சொன்னார்கள். "ஜனங்க ரெண்டு பக்கமும் இருக்குறாங்க இல்ல? மூஞ்சியக் காட்டாம கூப்புட்டா அது கூப்புடறதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். என் காதுபட நீங்கள் சொன்ன சொல் அது, அத்தா. அப்போது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்று அதே கேள்வியை நான் கேட்கிறேன்.

வீட்டில் பாங்கு ஒலிக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் மெதுவாகப் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் சொல்லாமல் தோசை தின்றுகொண்டிருந்ததாக அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். நீங்கள் அடிக்கவில்லை. "ஒருத்தன் கூப்புட்டுக்கினே இருக்கான். போவ முடியலன்னாலும் பதிலாவது குடுக்கணும். இல்லன்னா அவன வாசல்ல நிக்க வெச்ச மாதிரி" என்றீர்கள். அன்றிலிருந்து ஒரு வேளையும் நான் தவறவிட்டதில்லை.

நானும் உங்கள் வாசலில் நின்றேன். மறந்துபோயிருக்காது. தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தபோது, கே.ஜி.கண்டிகையிலிருந்து பட்டா நகல் எடுக்க வருவார் தணிகாசலம். பயிர் வைக்கிற குடும்பம். அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் வந்தேன். அவரும் மதம் மாறவில்லை, நானும் மாறவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன். "அத்தா" என்று கூப்பிட்டேன். நீங்கள் உள்ளே தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் கூப்பிட்டேன். வெளியே வந்து, செருப்பை மாட்டி, என் தோளை உரசுகிற அளவு பக்கத்தில் நடந்து போனீர்கள். கொஞ்ச நேரத்தில் பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டது. என்னைத் தாண்டிப் போன அதே மனிதர் ஊரையே வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவும் நானும் அதற்குப் பதில் சொன்னோம். வேறு என்ன செய்வது?

குழந்தை பிறந்தபோது கோபத்தையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். இந்த ஊரில் பிறந்த எத்தனை பிள்ளைகளின் வலது காதில் நீங்கள் பாங்கு சொல்லியிருப்பீர்கள். பள்ளிப்பட்டிலிருந்து ஆட்டோ வைத்துக் கூட்டிப்போவார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு உங்களால் நடந்தே வந்திருக்க முடியும். அம்மா தனியாகத்தான் வந்தாள்.

"அந்த வூட்டுக் கொழந்தைக்கு நான் எதுக்குன்னு கேட்டுட்டாருடி" என்றாள்.

அந்த வீட்டுக் குழந்தை. உங்கள் மூக்கு அப்படியே இருந்தது அதற்கு.

தணிகாசலம் குழந்தையை என் மடியில் வைத்து, "உனக்குத்தான் தெரியுமில்ல, நீயே சொல்லேன்" என்றார். பொம்பளை சொல்லலாமா என்று அம்மா இழுத்தாள். "அதப் போய் யாரக் கேக்கறது, அவரையா?" என்றேன். பிஞ்சுக் காதில் வாயை வைத்து நானே சொன்னேன். உங்கள் ராகம், உங்கள் இழுப்பு, நீங்கள் மூச்சு வாங்குகிற அதே இடங்கள். பாதியில் அம்மா என் கையைக் கிள்ளினாள். "தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது" என்கிற வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அது விடியற்காலை சுபுஹு பாங்கில் மட்டும் வருவது. பிறந்த குழந்தைக்குச் சொல்லும் வரி அல்ல. மோதினார் வீட்டுப் பெண்ணுக்குப் போர்வைக்குள் கேட்ட பாங்குதான் முதலில் நாக்கில் வந்தது. அதனால்தானோ என்னவோ, என் மகள் இரண்டு வயதுவரை இரவில் தூங்கவே இல்லை. இந்தக் கதையைக் கேட்டால் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள். உங்களிடம் சொல்ல முடியாமல் போனதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம்.

மார்க்கெட் பின்தெருக் கிழவிகள் பாங்கு சரியாகக் கேட்கவில்லை என்று உங்களிடம் சண்டைக்கு வந்ததை அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "கடியாரம் எதுக்குக் கீது வூட்ல?" என்று விரட்டிவிட்டீர்களாம். காரணம் இன்றுதான் புரிகிறது. வருகிறவர்களுடைய சத்தத்தைப் பிடுங்கி, நீங்களே வர விடாதவளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது என்ன நியாயம்?

நீங்கள் போனது எனக்கு எப்படித் தெரிந்தது, தெரியுமா? யாரும் சொல்லவில்லை. அன்று அந்திநேர மஃரிப் பாங்கு வேறு குரலில் வந்தது. காய்ச்சலிலும் ஒரு வேளை விடாதவர் நீங்கள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் போன் வந்தது அதற்குப் பிறகுதான். முகம் பார்க்க விட்டார்கள். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்குப் பாங்கு கிடையாது. "பொறந்தப்போ காதுல சொன்னதே அதுக்குத்தான்" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தெருவில் நின்றேன். உங்கள் வீட்டு முன்னால் நிற்பது எனக்குப் பழக்கம்தானே.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். குமார் சொன்னதை மத்தியானம் அவளிடம் சொன்னேன். அவளுக்கும் தெரியாதாம். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"அவருக்கு அவ்ளோதான் தெரிஞ்சுது, உடு" என்றாள்.

"எனக்குப் போதலம்மா."

"ஆங். எனக்குந்தான் போதல" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டது இதுதான்.

சாயங்காலம் மஃரிப் நேரம் வந்தது. டிவியை நிறுத்தினேன். தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன். இந்தக் கையை உங்களைப் போலவே பிடிவாதமாக வளர்த்துவிட்டிருக்கிறீர்கள், சொன்னால் கேட்பதில்லை. பாங்கு வரவில்லை. அரக்கோணம் ரயில் போகிற சத்தம்தான் வந்தது. அது ஓய்ந்ததும் தூரத்தில், யாரோ அடுத்த ஊரில் சொல்வதுபோல, புதியவரின் குரல் லேசாகக் கேட்டது. குமார் வேலையை முடித்துவிட்டார். நான்தானே திருப்பச் சொன்னேன். எழுந்துபோய் ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்து வைத்தேன். எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா, அத்தா. கடைசியில் இதற்கும் நான்தான் எழுந்து வர வேண்டியிருக்கிறது.

என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "யாரு கூப்புட்றாங்க?" என்று கேட்டாள். உஸ் என்றேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே அவளும் உதட்டை அசைத்தாள்.

நீங்கள் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும், ஒவ்வொரு வேளையும், இந்த வீட்டிலிருந்து நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றது நீங்கள்.