நிலைக்கட்டையில் பல் தடம்

ஜனவரி 24

மயோன் மலை நெருப்பைக் கக்கி, எங்கள் கினோபாத்தான் ஊர் முழுக்கச் சாம்பல் கொட்டுகிற மாதம் இது. வருடம் 2018 என்கிறாள் மருமகள் ரோவேனா. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். கனவு வந்த தேதி நிற்க வேண்டும்.

விடியலில், கடைவாய்ப் பல் கழன்று உள்ளங்கையில் விழுந்ததாகக் கனவு. அப்படி வந்தால் குடும்பத்தில் ஒருவர் போவார். யாரிடமும் பேசுமுன் மரத்தைக் கடித்துவிட்டால் கனவு மரத்தோடு போய்விடும். தங்கை கொன்ராதா சாம்பல் மூச்சில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எழுந்ததும் வாசல் நிலையைக் கடித்தேன்.

ஜனவரி 27

மறுபடி. இன்னும் அழுத்திக் கடித்தேன்.

பிப்ரவரி 2

தினமும் வருகிறது. காதுக்கு முன்னால் வலி. வாய் திறந்தால் டக் என்கிறது. கஞ்சிதான் இறங்குகிறது.

"பல் டாக்டர்கிட்ட போலாம்ப்பா" என்கிறாள் ரோவேனா.

மாட்டேன். பிடுங்கிவிட்டால்? கனவில் விழுந்த பல்லுக்கு மரம் உண்டு. நிஜமாகவே விழுந்தால் எதைக் கடிப்பேன்? இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

பல வருடம் முன் ஒருமுறை, மரத்தைக் கடிக்குமுன்னே தம்பி எலிகியோவிடம் கனவைச் சொன்னேன். கருவாட்டை மென்றுகொண்டே, "மரத்தைக் கடிக்க நீ என்ன கரையானா?" என்று சிரித்தான். நீலச் சட்டை. அப்படியே தென்னை ஏறினான். இறங்கவில்லை, விழுந்தான்.

பிப்ரவரி 10

நேற்று வாய் பூட்டிக்கொண்டது. இன்றுதான் பேச்சு வருகிறது. ரோவேனா வண்டியில் ஏற்றி இழுத்துப் போனாள். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் பேத்தி வயசுப் பெண். தாத்தா முறை வைத்து லோலோ என்றாள்.

"லோலோ, கையை எடுங்க. பாருங்க, நானும் வெறுங்கை."

காதோரம் அழுத்தினாள். உயிர் போனது.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. தாடை மூட்டுதான் நொந்து கிடக்கு. அப்படி என்னத்தைக் கடிக்கிறீங்க?"

நான் எங்கே பேச? ரோவேனா போட்டுக்கொடுத்தாள். "வாசல் நிலையை, டாக்டர்! நான் எலின்னு நெனச்சு மருந்து வச்சேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பல்லு கனவா? எங்க வீட்டுல தலகாணியைக் கடிப்போம், லோலோ. அதுவும் கேக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. கொட்டாவியைக்கூடச் சின்னதா விடுங்க."

தலையணையா? பஞ்சுக்கு என்ன பலம்?

பிப்ரவரி 13

கனவு. நிலையிடம் போனேன், வாய் திறக்கவில்லை. தலையணையைக் கடித்தேன். மெத்தென்று, ஏமாற்று வேலை போல. ஃபோன் அடிக்கக் கூடாதே, அடிக்கக் கூடாதே — அடிக்கிறது. நீ எடு ரோவேனா. ஐயோ, நான் மாட்டேன் —

பிப்ரவரி 14

நேற்று ஃபோனில் கொன்ராதாவேதான். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்: "மனோய், என் அண்ணா, உசுரோட இருக்கியா? எனக்குப் பல்லு பல்லாக் கனவு வருது. உனக்குத்தான் ஏதோ ஆகப்போகுதுன்னு பயந்துட்டேன்."

"நீ எதைக் கடிச்ச? உனக்குத்தான் பல்லே இல்லியே."

"பல்செட்டைக் கழட்டிக் கட்டில் காலைக் கவ்வ விட்டேன். நர்ஸ் தேடு தேடுன்னு தேடுறா."

சிரித்தேன். தாடை டக்கென்றது. ஃபோனை வைத்ததும் பயம் திரும்பிவிட்டது. எனக்காக அவள், அவளுக்காக நான். ஒருவர் ஒருநாள் எழுந்திருக்காவிட்டால்?

பிப்ரவரி 20

இன்று சோறு மென்றேன். விடியலில் கனவு வந்தது. தலையணையை மெதுவாகக் கடித்தேன். கடிக்கும்போது பிழைக்க வேண்டியவர் பெயரை மனதுக்குள் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். ஒரு காலத்தில் ஆறு பெயரும் சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். இப்போது ஒரு கடிக்குள் அடங்கிவிடுகிறது.

கொன்ராதா.