இரண்டு நாள் தள்ளிப்போடும் மாத்திரை

ஜூன் 11, 2024, செவ்வாய்

காலையில் இரண்டு இட்லி. பால் வற்றுவதற்கான மாத்திரை இன்றோடு முடிந்தது. மார்பில் கனம் குறைந்திருக்கிறது.

போடிக்கு, அம்மா வீட்டுக்கு, வந்து ஒரு வாரமாகிறது. ஆரிப் மதுரையில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஃபோனில் "சாப்பிட்டியா சுஃபியா?" என்கிறார். "சாப்பிட்டேன்" என்கிறேன். புருசன் பொண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

ஆறாம் மாதத்தில் பிறந்து, அன்றைக்கே போய்விட்ட பிள்ளை. ஆண். அவரும் தம்பி முபினும் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

ஜூன் 13

மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து, அதன் தலைவர் காசிராஜன் சார் கூப்பிட்டார். "எப்ப வந்தாலும் சரிம்மா" என்றார்.

கருப்பைத் தசைதான் இத்தனை வருடமாக என் வேலை. தசைச் செல்லின் சுவரில் இருக்கும் சிறு வாசல்கள் வழியே கால்சியம் நுழைந்தால் தசை சுருங்கும். வாசலை அடைத்தால் தளரும். குறைமாதத்தில் வரும் வலியை அப்படி நிறுத்த முடியுமா? என் முனைவர் பட்டமும் அதற்குப் பின் வந்த கட்டுரைகளும் இந்த ஒரு கேள்விதான். எனக்கு வலி வந்தபோது வாசலை அடைக்கும் அந்த மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். நிற்கவில்லை.

வேலையை விடப்போகிறேன் என்று சாரிடம் சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லவும் தெம்பு வேண்டும்.

ஜூன் 17

பெருநாள். புதுச்சேலை எடுத்து வைத்திருந்தார்கள். கட்டிக்கொண்டேன்.

முபின் மட்டும் வந்தான். அவன் மனைவி முஸ்கான் வரவில்லை. கேட்டதற்கு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவ மலைல ஏலக்காட்டு வீட்ல இருக்கா. அங்க சோலி கெடக்குல்ல" என்றாள்.

முஸ்கானுக்கு இது ஏழாம் மாதம். நானும் அவளும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். அவள் வயிறு என் கண்ணில் படக்கூடாதென்று மேலே அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் எனக்கு வேதனை என்றா? என் கண் பட்டுவிடும் என்றா?



ஜூன் 21

முபினிடம் சொல்லிவிட்டேன். "புள்ளத்தாச்சிய மலைல வச்சிருக்கியே, ஒரு அவசரம்னா என்ன செய்வ? கீழ கூட்டிட்டு வா."

"அம்மாதான்க்கா..." என்று இழுத்தான்.

"நானே வர்றேன். ஜீப்ப எடு."

நாளைக்குப் போகிறோம்.

ஜூன் 22

நாங்கள் போனபோது முஸ்கான் இடுப்பில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள். "காலைல இருந்து வயிறு கல்லு மாதிரி ஆகி ஆகி விடுது மதினி. சூட்டு வலின்னு சும்மா இருந்துட்டேன்."

கை வைத்துப் பார்த்தேன். இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. இதைக் கணினித் திரையில் ஏறி இறங்கும் கோடாகப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

ஜீப்பு வளைவு வளைவாக இறங்கியது. மெல்ல ஓட்டுவதா, வெரசா ஓட்டுவதா என்று முபினுக்குத் தெரியவில்லை. முஸ்கான் என் கையை விடவே இல்லை.

"ஒங்களுக்கு ஆன மாதிரி ஆயிருமா மதினி?"

"தெரியல."

பொய் சொல்லியிருக்கலாம்.

தேனி ஆஸ்பத்திரியில் அதே மாத்திரை. வயிற்றுப் பிள்ளையின் நுரையீரல் வலுப்பட ஊசி. மாத்திரை பிரசவத்தை இரண்டு நாள் தள்ளிப்போடும், அதற்குள் ஊசி வேலை செய்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். தலையாட்டினேன். இதே வரிகளை நானே கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 24

முஸ்கானுக்கு வலி நின்றுவிட்டது.

அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒனக்கு மனசுக்குக் கஷ்டமா இல்லையேத்தா?"

"இல்லம்மா." உண்மைதான். சந்தோசமும் இல்லை.

அதே மாத்திரைதானே. அவளுக்குக் கேட்டுச்சுல்ல, எனக்கு ஏன் கேக்கல? எனக்கு மட்டும் ஏன் —

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஆய்வுக்கு எடுக்க வேண்டிய கேள்வி போலவும் இருக்கிறது.

ஜூலை 2

சாருக்கு ஃபோன் செய்தேன். வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19

முஸ்கானுக்குப் பெண் பிள்ளை. மாதம் நிறைந்து பிறந்தாள். போய்த் தூக்கினேன். நல்ல கனம். வேறொன்றும் தோன்றவில்லை. சாயங்கால ரயிலில் மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

வேலைக்குத் திரும்பியபின் முதல் கருப்பைத் தசைத்துண்டு. சிசேரியன் செய்யும்போது வெட்டிய விளிம்பிலிருந்து நகக்கண் அளவு எடுப்போம். அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். இன்று தமிழ்செல்வி, சிலமலைக்காரி. நான் போடி என்றதும் "நம்ம ஊருப் பக்கந்தானா!" என்று சிரித்தாள். எதற்காக எடுக்கிறோம் என்று சொன்னேன்.

"நாலு பேருக்கு ஆகும்னா எடுத்துக்கங்கக்கா. ஒங்களுக்கு எத்தனை புள்ளைக?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டுவிடாமல் சுற்றியிருந்தவர்கள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு பையன்" என்றேன். "ஆறு மாசத்துலயே பொறந்துட்டான். இல்ல இப்ப."

அவள் படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்து வாங்க வேண்டிய தாள் நனைந்துவிட்டது. நர்ஸிடம் வேறு தாள் எடுத்து வரச் சொல்லி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.