ஊற்று ஆறிப்போன காலை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, சித்தி எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா? பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது என்றால் உன்னோடு வேலை பார்க்கும் பெண்கள் சிரிக்கிறார்கள், நம் ஊற்றின் கதையை எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். நல்ல நேரம் பார்த்துக் கேட்டாய், இந்த வாரம் அந்தக் கதை நம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

முதலில் பழைய கதை. உப்பு மூட்டை சுமந்து வந்த கழுதைகள் மழையில் நடுங்கிக்கொண்டு இங்கே சேற்றில் உட்கார்ந்தனவாம், அடித்தாலும் எழுந்திருக்கவில்லை. அப்படி என்னதான் சுகம் என்று காலை வைத்துப் பார்த்த வியாபாரியும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆக, நம் ஊற்றைக் கண்டுபிடித்தது கழுதை. லாட்ஜ்காரர் மட்டும் தன் வாசலில் ராஜா கண்டுபிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார், கழுதை என்று எழுதினால் அறைக்கு ஆள் வராதாம். அப்புறம் சாலை போட வந்த ஒரு மேஸ்திரி தன் இடுப்பு வலிக்காக ஊற்றைச் சுற்றிக் கல்தொட்டி கட்டினார், வலி போன சந்தோஷத்தில் நடுவில் சுவர் எழுப்பிப் பாதியைப் பெண்களுக்குக் கொடுத்தார். பொய் சொன்னால் ஊற்று ஆறிவிடும் என்ற கதைக்கும் அந்த உப்பு வியாபாரிதான் காரணம். தன் எடைக்கல் சரியானதுதான் என்று தண்ணீரில் உட்கார்ந்து சத்தியம் செய்தாராம், பொழுது சாய்வதற்குள் ஊற்று ஆறிப்போயிற்றாம், உண்மையை ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி சுட்டதாம். இன்றைக்கும் இங்கே சண்டை என்று வந்தால் தண்ணியில உட்காந்து சொல்லு பார்ப்போம் என்பதுதான் கடைசிப் பேச்சு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பொய்க்கு ஆறுவதென்றால் நம் ஊற்றில் எப்போதோ ஐஸ் கட்டி மிதந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாடகைத் துண்டு மூட்டையோடு நான் போகிறேன், தொட்டியைச் சுற்றி ஒரே கூச்சல். தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிறது. ஓடைத் தண்ணீர் வரும் மடையைப் போய்ப் பார்ப்போம் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே, யாரு பொய் சொன்னீங்க, யாரு சொன்னீங்க என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் தையல்காரர் வாயைத் திறந்தார். பட்டன் மட்டும்தாங்க பாக்கின்னு நான் சொல்ற அன்னிக்குத் துணியையே வெட்டியிருக்க மாட்டேன் என்றார். லாட்ஜ்காரர் தான் பாட்டிலில் அடைத்து விற்கும் ஊற்று நீர் வீட்டுக் குழாயில் பிடித்தது என்றார். உன் சித்தி இருக்கிறாளே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அக்கா சமையல் பிரமாதம்னு இத்தனை வருஷமா நான் சொன்னதும் பொய்தான் என்று கத்தினாள். வாய்க்கு ருசியாக என் கையால் தின்றுவிட்டுச் சொல்லும் பேச்சா இது, அவளை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா மெதுவாக முன்னால் வந்தார். என் கால் சரியாயிடுச்சுன்னு பொண்ணுகிட்டச் சொன்னேன், சரியாகலை, ராத்திரியில தூங்க முடியலை என்றார். சிரிப்பெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, என்னங்க என்று கேட்டால் ஆவி பட்டுவிட்டது என்கிறார். ஆறிப்போன தண்ணீரில் ஏதடி ஆவி!

போன மழையில் வழுக்கி விழுந்தாரே, அந்த முழங்கால்தான். நீ இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடலாமா என்று யோசித்து, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அவர் குதித்து ஓடுகிறேன் என்றார். என் முன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து நடித்தார், நானும் நம்பியதாக நடித்தேன், நல்ல ஜோடி நாங்கள். டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம், பயமில்லை, நாள் தள்ளினால்தான் கஷ்டம் என்கிறார். இவரோ ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்கிறார்.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டதும் நான் தொட்டிக்குப் பின்னால் போய் மடையைப் பார்த்தேன். மாலையில் ஓடைத் தண்ணீரை விட்டுத் தொட்டியைக் கழுவிவிட்டு அப்பா குனிந்து மடைப் பலகையை அழுத்தி அடைப்பாரே, அது பாதி இறங்கிச் சாய்ந்து நின்றது, இரவெல்லாம் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. குனிய முடியாமல் கைத்தடியால் குத்தித் தள்ளிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். காலால் மிதித்து அடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்து துண்டு மடித்தேன். மதியத்துக்குள் தண்ணீர் சுட ஆரம்பித்துவிட்டது. அப்பா உண்மையைச் சொன்னதால்தான் ஊற்று திரும்பியது என்று தையல்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். யோசித்தால் அது பொய்யும் இல்லை, அந்த ஒரு பொய்யால்தானே தண்ணீர் ஆறியது.

வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் எழுதவில்லை. அங்கே உனக்கு நல்ல பெயர், அதைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆனால் பொய்யை நம்பிக் கையெழுத்துப் போடாதே, உண்மையைத் தெரிந்துகொண்டு போடு. முடிந்தால் கொஞ்ச நாள் லீவு எடுத்து வந்து இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போ. என் பேச்சு அவருக்குக் காற்றோடு போச்சு, நீ சொன்னால்தான் கேட்பார்.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கடிதம் கிடைத்ததும் போன் செய், அப்பா எடுத்தால் திட்டாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

கடிதத்தை ஒட்டப் போனேன், அப்பா பேனாவைப் பிடுங்குகிறார்.

மகளுக்கு, கால் ரொம்ப வலிக்கிறது. நீ வந்து கூப்பிட்டால் வருகிறேன். அப்பா.