காதுக்குப் பின்னால் ஒரு இடம்

மார்ச் 4
காற்று, காற்று, காற்று. சலூன் கதவைத் திறந்தால் அல்புகர்க்கி நகரத்தின் பாதி மண் உள்ளே வந்துவிடுகிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சண்டைக்கு இன்னும் பதினொரு நாள்.

யார் மேல் பணம் கட்டலாம் என்று என் கணவர் கில்பர்ட் நச்சரிக்கிறார். நான் பந்தயம் கட்டக் கூடாது. கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடும் பெண்களுக்குத் தலை பின்னி விடுகிறவள் நான், விதி அப்படி. அதனால் ஆளைச் சொல்வது நான், கட்டுவது அவர். ஆறு வருடமாக இந்தக் கூத்துதான்.

மார்ச் 6
மற்றவர்கள் பழைய வீடியோவைப் பார்த்துக் கட்டுவார்கள். எனக்குத் தலை போதும். சீப்பு பட்டால் கழுத்து விறைக்கிறதா, எடை குறைக்கத் தண்ணீர் குடிப்பதையே விட்டவளின் மண்டைத் தோல் உரிகிறதா – அவ்வளவுதான். போன வருடம் ஒன்பதில் ஏழு சரி. சும்மாவா!

மார்ச் 8
டெல்ஃபினா வந்தாள். முதல் சண்டையிலிருந்து என் நாற்காலிதான் அவளுக்கு. இருபத்து நான்கு வயது. இந்தச் சண்டையில் டென்வர்க்காரியை ஜெயித்தால் பெரிய ஒப்பந்தம் கிடைக்கும். பின்னல் எப்படி நிற்கிறது என்று ஒரு முறை போட்டுப் பார்த்தோம்.

வலது காதுக்குப் பின்னால் சீப்பு போனதும் துள்ளிவிட்டாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா. பயிற்சியில முட்டி பட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத.”

தலைவலி மாத்திரை கேட்டாள். கொடுத்தேன். அவள் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கில்பர்ட்டைப் போனில் அழைத்துவிட்டேன்.

“டென்வர்க்காரி மேல கட்டுங்க. எண்ணூறு டாலர்.”

“எண்ணூறா? நம்ம டெல்ஃபினாவ விட்டுட்டா? மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா உனக்கு?”

“சொன்னதச் செய்யுங்க.”

மார்ச் 9
சலூனில் ஒரே தலையை மூன்று முறை கழுவினேன். இன்னும் எத்தனை முறை என்று அந்த அம்மாளே கேட்டுவிட்டார்.

மார்ச் 11
டெல்ஃபினா போனில். “அக்கா, எம்மேல எவ்ளோ கட்டியிருக்க?”

“கொஞ்சம்” என்றேன். என் வாயில் இடி விழ.

மார்ச் 14
சண்டைக்கு முந்தைய எடை பார்ப்பு. டெல்ஃபினாவின் எடை சரியாக நின்றது. மேடையிலிருந்து இறங்கும்போது படியே இல்லாத இடத்தில் காலை வைத்தாள். பசி மயக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அப்பவே கண்டுபுடிச்சிட்ட பாரு, கெட்டிக்காரிடி நீ!” என்றார் கில்பர்ட், ராத்திரி சாப்பிடும்போது. பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோ ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சொல்லலாமா? சொன்னால் ஒப்பந்தம் போச்சு. சொல்லாவிட்டால்?

மார்ச் 15
பகல் இரண்டு மணி. சண்டை அரங்கின் பின்னறையில் டெல்ஃபினாவின் மூன்றாவது பின்னலில் இருந்தேன்.

“அக்கா, வெளக்க அணைக்கிறியா? கண்ணு கூசுது.”

அணைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் நான்கு பின்னலையும் முடித்தேன். பிறகு சீப்பை வைத்துவிட்டு நேராக அரங்கின் மருத்துவரிடம் போனேன். காது, படி, விளக்கு – எல்லாம் சொன்னேன். பந்தயத்தைத் தவிர எல்லாம்.

சண்டை ரத்து.

“எம்பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி டெல்ஃபினா கத்தினாள். நான் போட்ட பின்னலோடுதான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள்.

மார்ச் 16
சண்டை நடக்காவிட்டால் கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும். கில்பர்ட் எண்ணூறையும் மேசையில் வைத்தார். தொடக்கூடப் பிடிக்கவில்லை.

மார்ச் 17
மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்ததாம். காலையில் அறுவை சிகிச்சை முடிந்தது. பிழைத்துவிட்டாள்.

அவள் அம்மா போனில் அழுதார். “இன்னும் ஒரே குத்து, அவ்ளோதான்னு டாக்டர் சொன்னாரு. கடவுள்தான் உன்ன அனுப்புனாரு, லோரெட்டா.”

கடவுளா? எனக்கு ஒரு வாரமாகத் தெரியுமே! அந்த வலியைப் பார்த்ததும் ஐயோ என்று தோன்றவில்லையே எனக்கு. எண்ணூறு என்றுதானே தோன்றியது? சீ!

ஏப்ரல் 2
டெல்ஃபினா போனை எடுக்கவில்லை. இன்றும்.

ஏப்ரல் 19
அடுத்த சண்டைக்கு யார் என்று கில்பர்ட் கேட்டார். இனிமேல் எவள் மேலும் கட்டுவதாக இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மே 30
டெல்ஃபினா தொப்பியோடு வந்து நின்றாள். கழற்றினாள். வலது பக்கம் ஒரு விரற்கடை முடி. இடது பக்கம் இன்னும் இடுப்பு வரை.

“இந்தப் பக்கத்தையும் வெட்டிடு. இனிமே சண்டை போட உரிமம் தர மாட்டாங்களாம். பின்னல் எதுக்கு?”

உட்கார்ந்தாள். கத்தரியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன்.

“அன்னிக்கு நான் உம்மேல கட்டலடி. அவ மேல கட்டுனேன். நீ துள்ளுன அன்னிக்கே.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“பின்னும்போது ஒன் வாய் மூடவே மூடாது. சண்டை அன்னிக்கு மூடியிருந்துச்சு.”

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“வெட்டுக்கா. ஆனா பேசிக்கிட்டே வெட்டு.”

பேசினேன். காற்றைப் பற்றி, கில்பர்ட்டின் முழங்கால் வலியைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கடைசியில் வலது காதுக்குப் பின்னால் சீப்பை வைத்தேன். அவள் அசையவில்லை.