காபி கணக்கில் வராது

சூடு ஒரு துளி குறைந்தாலும் காபியைத் திருப்பி அனுப்பும் என் அருமை அப்பாவுக்கு,

உங்கள் முதல் திதி வரப்போகிறது. சேலையூர் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடிதான் இருக்கிறது. கேட்டின் கொண்டி இன்னும் சரியாக விழுவதில்லை. குழாயைச் சரிசெய்ய நாளைக்கே வருகிறேன் என்று உங்களிடம் சத்தியம் செய்த பிளம்பர் இன்னும் வரவில்லை. புதுச் செய்தி ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தைராய்டாம். பயந்துவிடாதீர்கள், உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. நம் தெருவிலேயே நாலு பேருக்கு இருக்கிறது.

இதைப் படத்துக்கு முன்னால் நின்று உங்கள் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஊரறியப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியோடுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரே பெண், அவள் ஏன் அழவில்லை? அவர்களும் படிக்கட்டும். அம்மா படிக்க மாட்டாள், அவளுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. காய் நறுக்கும்போது பேப்பரை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவது உங்கள் வேலை. அந்த வேலையை இப்போது யாரும் பார்ப்பதில்லை.

அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தீர்கள், பேப்பரை மடித்தீர்கள், அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் நான்தான். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், நாற்காலிக்குச் சொன்னேன், வந்தவர்களுக்கு டீ வந்ததா என்று பார்த்தேன். செருப்புகளைக்கூட ஓரமாக ஒதுக்கி வைத்தேன். யாருடைய வீட்டுக் காரியத்துக்கோ உதவி செய்யப் போனவள் மாதிரி இருந்தேன்.

உங்கள் பல்லாவரத்துத் தங்கை சும்மா இருப்பாரா? அத்தை என் காதில் விழட்டும் என்றே சொன்னார். "பெத்த பொண்ணு, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாருங்க. கல்லு மாதிரி நிக்கிறா." எனக்குக் கோபம் வரவில்லை. அதுவும் வரவில்லை என்பதுதான் விஷயம். அத்தைக்குச் சர்க்கரை இல்லாத டீ போயிற்றா என்று கேட்டேன்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டாள். "உங்கப்பா உனக்கு என்ன குறை வெச்சாரு சுமதி?"

என்ன பதில் சொல்வது? ஒரு குறையும் வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்த பாடம் மாதிரி தெரியும். ஆனால் உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. நான் பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து அம்மாவும் பேசவில்லை. சாப்பிட வா, கேஸ் தீர்ந்துவிட்டது, பால் வாங்கி வா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இரண்டு பேரே உள்ள வீட்டில் ஒருத்தி பேசவில்லை என்றால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது தெரியுமா அப்பா?

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அம்மா விடவில்லை. காலையில் முதல் டிகாஷன் உங்களுக்குத்தான். நுரை தளும்பத் தளும்ப ஆற்றி, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். படத்துக்கு வைத்ததைக் கொட்டக் கூடாது, அவள் எடுத்துக் குடிக்கவும் மாட்டாள். அதனால் நான் குடிப்பேன். எனக்குக் காபி கொடுக்காமலே காபி கொடுக்க அம்மா கண்டுபிடித்த வழி அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை வந்தது. ஊரே வெந்துகொண்டிருந்தபோது எனக்குக் குளிர்ந்தது. காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தின் ஏசி எனக்கு ஒத்துவரவில்லை, ஊட்டிக்குப் போனபோது வாங்கிய நீல ஸ்வெட்டரைத் தேடி எடுத்தேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுகினு கீற? உடம்பு கிடம்பு சரியில்லியா?" சரியாகத்தான் இருக்கிறது என்றேன். முகம் வீங்கியிருந்தது, தலைமுடி சீப்போடு வந்தது, படி ஏறினால் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. அப்பா போன துக்கம், இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அழாதவளுக்கு இதுவாவது இருக்கட்டுமே என்று கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

கடைசியில் கல்லூரியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அங்கிருந்து கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "எனக்குத் தைராய்டு இருக்குன்னு சொன்னாங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கு. எனக்கும் இருக்கு. உங்களோடது ரொம்ப மெதுவா வேலை பாக்குது. உடம்பு, மனசு எல்லாமே அதனால மந்தமாயிடும். தினம் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா போதும்."

நான் கேட்க நினைத்ததை எப்படியோ கேட்டுவிட்டேன். "டாக்டர், இது இருந்தா அழுகை வராதா?"

"சிலருக்குச் சும்மா சும்மா அழுகை வரும். சிலருக்கு ஒண்ணுமே தோணாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன். எப்போதிலிருந்து இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஒரு வருஷமாகவே இருந்திருக்கலாம், குரல் கட்டுவதும் இதனால்தான் என்றார். அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு நாள், "உன் குரல் ஏம்மா கட்டிக்கிச்சு? பனங்கற்கண்டு வாயில போட்டுக்கோ" என்றீர்கள். தினமும் சொன்னீர்கள். நான் கற்கண்டு போட்டுக்கொண்டேன், குரல் மட்டும் திறக்கவில்லை.

அம்மாவுக்கு இதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேராக போனை எடுத்தாள். பல்லாவரத்தில் தொடங்கி மதுரை வரைக்கும் சொல்லி முடித்தாள். "அவளுக்குத் தைராய்டாம்மா. அதான் அழலை. இல்லேன்னா என் பொண்ணு அப்படிப்பட்டவளா?" எனக்கு வந்த வியாதிக்கு அவள்தான் சொந்தக்காரி மாதிரி பேசினாள். ஆனால் போனை வைத்துவிட்டு என்னிடம் பேசவில்லை. உறவுக்குப் பதில் சொல்லியாயிற்று, அவளுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

எனக்கும்தான் வரவில்லை. துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் தொண்டைக்குள் இருக்கும் ஒரு சோம்பேறிச் சுரப்பியின் வேலையா? அப்படியென்றால் உங்களுக்காக நான் பட்டது என்ன? மாத்திரை போட்டு எல்லாம் சரியாகி, அதன் பிறகும் அழுகை வரவில்லை என்றால்? அப்போது எதன்மேல் பழியைப் போடுவேன்? இதை யாரிடம் கேட்பது அப்பா?

மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டேன். வெறும் வயிற்றில் என்று சீட்டில் எழுதியிருந்தது, எழுந்ததும் வெறும் வயிற்றில்தான் போட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சமும் சரியாகவில்லை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"மாத்திரையை எப்படிப் போட்டுக்கறீங்க?"

"வெறும் வயித்துலதான் டாக்டர். எழுந்ததும்."

"காபி எப்போ குடிப்பீங்க?"

"மாத்திரையே காபியிலதான் போட்டுக்கறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காபி குடிச்சா வெறும் வயிறு எப்படிங்க ஆகும்?"

அப்பா, நான் உங்கள் பெண்தான். சர்க்கரை பரிசோதனைக்கு உங்களை அழைத்துக்கொண்டு போன நாள் நினைவிருக்கிறதா? ஏதாவது சாப்பிட்டீர்களா சார் என்று ரத்தம் எடுக்கும் பெண் கேட்டபோது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் மாதிரி, "ஒண்ணும் சாப்பிடலைம்மா, வெறும் வயிறுதான்" என்றீர்கள். காபி குடித்தீர்களே என்று நான் சொன்னதற்கு, "காபியெல்லாம் கணக்குல வராது" என்று என்னைத்தான் முறைத்தீர்கள். உங்கள் சஷ்டி விரதத்தையே இரண்டு டம்ளர் காபிதானே தாங்கிப் பிடித்தது! டாக்டரம்மா முன்னால் அதெல்லாம் நினைவுக்கு வந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பும் வரவில்லை.

காபி அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். தண்ணீரில் விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காபியைத் தொடக் கூடாது என்றார். ஆக, உங்களுக்கு வைத்த காபியாலேயே எனக்கு மருந்து சேராமல் போயிருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்களா, வருத்தப்படுவீர்களா?

அம்மாவிடம் காபியைத் தாமதமாக வை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் எப்போதும்போல வைப்பாள். நான் மாத்திரையை விழுங்கிவிட்டு உங்கள் படத்துக்கு எதிரே மோடாவைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நுரை அடங்கும், ஆவி நிற்கும், மேலே ஆடை படியும். நீங்கள் இருந்த காலத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் நான். இவ்வளவு நேரம் உங்கள் எதிரே உட்கார்ந்ததே இல்லை. பேச ஒன்றும் தோன்றாது. சும்மா இருப்பேன். நீங்களும் சும்மா இருப்பீர்கள்.

ஆடி மாதம் பிறந்து, ஒரு நாள் காலையில் கரண்ட் போய்விட்டது. முதல் நாள் பெய்த அரைகுறை மழையில் ஒரே புழுக்கம். நான் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். நெற்றியிலும் அரும்பி, கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில்கூட இந்த உடம்பு வியர்த்து நான் பார்க்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் துடைத்தேன்.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருக்கிறாள். அவளுக்கு என் முதுகும் துடைக்கிற கையும்தான் தெரிந்திருக்கும். ஓடிவந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அழுடி கண்ணு. அழுதுடு. எவ்ளோ நாளா உள்ளேயே வெச்சிருக்க, நல்லா அழுதுடு."

அம்மா, இது வியர்வை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் போன அன்றுகூட அழாத அழுகை. நான் துப்பட்டாவை முகத்திலேயே வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்?

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு டம்ளரை எடுத்தாள். "ஆறிப் பச்சைத் தண்ணியா போச்சு. உங்கப்பா பாத்தா கத்துவாரு. இரு, உனக்குச் சூடா வேற போட்டுத் தரேன்." உனக்கு என்றாள் அப்பா. அன்றைக்கு அடுப்படியில் நின்றே, காய் விலையிலிருந்து கொண்டி விழாத கேட் வரைக்கும் என்னோடு பேசினாள். நான் ம் கொட்டினேன். ரயிலை விட்டுவிட்டேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அது வியர்வைதான். அழுகை இன்னும் வரவில்லை. அது வருமா, எப்போது வரும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உடம்புக்கு மறுபடி சூடு உறைக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாத்திரையைத் தண்ணீரில்தான் போட்டுக்கொள்வேன், அந்த ஒரு மணி நேரமும் உங்கள் எதிரே வந்து உட்காருவேன். நாளையிலிருந்து அம்மாவுக்குப் பேப்பரையும் நானே படித்துக் காட்டுகிறேன். என்றைக்காவது நிஜமாகவே அழுதால், அன்றைக்கு இந்தக் கடிதத்தையும் எடுத்துவந்து அவளுக்குப் படிப்பேன். அதுவரைக்கும் நீங்கள் முந்திக்கொண்டு அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

வெறும் வயிற்றோடு காத்திருக்கும்
உங்கள் மகள்
சுமதி