கோட்டைமேட்டுச் சறுக்குத் தடம்

அன்புள்ள டெலித்,

முழங்கால் வலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே அந்த வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளாமே, இனி கட்டிலில் தனியே விடாதே. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வர முடியவில்லையே என்று இன்னும் மறுகிக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்காகப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தபோது நீ என்ன செய்வாய், அதை விடு.

அப்பாவை எங்கேம்மா வச்சிருக்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் வீட்டில்தான் என்று சொல்லிவந்தேன். அது அக்டோபர் வரைதான் உண்மை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அவர் சாம்பலைக் கோட்டைமேட்டு உச்சியில் புதைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் அது பழங்காலச் சின்னம், அங்கே ஒரு கரண்டி மண்கூடத் தோண்டக் கூடாது என்பது சட்டம், அந்தச் சட்டத்தை ஊரில் எல்லாரையும்விட இறுக்கிப் பிடித்தவர் உன் அப்பாதானே. பக்கத்து வீட்டு ஹாப்கின் தன் மனைவி நினைவாக ஓர் ஆப்பிள் கன்று நட வந்தபோது, தொள்ளாயிரம் வருஷத்து மண்ணுய்யா, உன் கன்னுக்காக இதைக் குத்த முடியாது என்று கையில் கன்றோடு திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு ஹாப்கின் நம் வாசல் ஏறவில்லை. இப்போது அப்பா இருந்த இடத்தில் மேட்டுக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். எந்த முகத்தோடு நான் போய்க் கேட்பேன்?

சறுக்குத் தடம் நினைவிருக்கிறதா, பனிக்காலத்தில் நீயும் உன் கூட்டாளிகளும் நான் தேநீர் ஏந்திவரும் அகலத் தட்டுகளில் உட்கார்ந்து சறுக்கிச் சறுக்கி மேட்டின் விலாவில் போட்ட பள்ளம்? பின்னால் வந்த பிள்ளைகளும் தேய்த்து, மழையும் அரித்து, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து அதை நிரப்ப அனுமதி கேட்டு அப்பா வருஷக்கணக்காக நடந்தார். அவர் போன பிறகு வந்தது. அவர் அதிர்ஷ்டம் அப்படி.

அக்டோபரில் நிரப்புகிற நாளில் ஊரே மண் வாளியோடு வந்தது, நானும் போனேன். என் வாளியின் அடியில் அவர், மேலே தோட்டத்து மண். பள்ளத்தின் ஓரத்தில் கால் இடறி வாளி சாய்ந்து, சாம்பல் வெள்ளையாக வெளியே தெரிந்துவிட்டது. எதிரே மண்வெட்டியோடு ஹாப்கின். என்னால் தலை நிமிர முடியவில்லை. குனிந்து பார்த்தவர், நல்லாக் கலந்து போடு நெஸ்டா, இல்லேன்னா புல்லு கருகிடும் என்றார். அப்புறம் அவரே மண் தள்ளி, அவரே புல்லோடு பெயர்த்து வந்த மண்பத்தைகளை விரித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பதித்தார். உன் வீட்டு மனுஷன் இப்பவும் சட்டத்தை மீறலையே, தோண்டலை, நிரப்பத்தானே செஞ்சிருக்கான் என்றார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அன்று மாலை நம் வீட்டில் தேநீர் குடித்தார்.

புது இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. போன செவ்வாய் முதல் பனி விழுந்தது. பிள்ளைகள் தட்டுகளோடு ஏறிக் கயிற்றருகே நின்றார்கள், சறுக்கவில்லை. எல்லோரும் நம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. வருஷாவருஷம் அப்பா போடும் சத்தம் வராமல் அவர்களுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான் ஜன்னலைத் திறந்து, டேய், மலையைத் தேய்ச்சுத் தின்னுடாதீங்கடா, அந்தப் பக்கமாப் போய்த் தொலைங்க என்று அவர் மாதிரியே கத்தினேன். ஹோ என்று கூச்சல் போட்டுக்கொண்டு மறுபக்கம் சறுக்கினார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், சின்னவளுக்கு என் முத்தம். நீ நெளித்த தட்டு அடுப்படியில்தான் மாட்டியிருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வா. வந்தால் மறுபக்கமாகச் சறுக்குங்கள், இந்தப் பக்கம் புல் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா நெஸ்டா